வீட்டில் சேர்ந்த கவரைப் பையாகப் பின்னித் தருகிறார் அனுப்பானடி அக்கா: வாங்கலாமா?

பிளாஸ்டிக் கவரைக் கீற்றாக வெட்டி, நூலாகக் கோத்து, குரோஷா ஊசியில் (முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) பின்னித் தரும் அக்கா ஒருவர் மதுரை அனுப்பானடிப் பக்கம் இருக்கிறார். கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது, வீட்டு வராந்தாவில்தான் வேலை. கவர் நம்முடையது, கூலி அவருக்கு. தோளில் மாட்டுகிற காய்கறிப் பை ஒன்றும் கால்மிதி ஒன்றும் பின்னி வாங்கினேன். மழைக்காலம் முழுக்கப் புழங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். பை பிரமாதம், கால்மிதி சுமார். பையின் கைப்பிடி விஷயத்தில் மட்டும் அக்காவிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும், அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை, எத்தனை மைக்ரான் தடிமனாக இருந்தாலும் தடைதான். 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. இருந்தாலும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர், அதற்குள் ஏகப்பட்ட சின்னக் கவர்கள் என்று அமுக்கி வைக்காத வீடு மதுரையில் எங்கே இருக்கிறது? பழைய பேப்பர் கடையில் அதை எடை போட மாட்டார்கள், குப்பையில் போட்டால் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய்க் குவியும். நம்ம தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், இந்த மாதிரிக் கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் உருக்கிப் பூசி ரோடு போடலாம் என்று செய்து காட்டி 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார், ஊருக்கே பெருமை. ஆனால் என் வீட்டு ஆணியில் தொங்குகிற கவர் ரோட்டில் போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது தரம் பிரித்துச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், திரும்பி வருவது என்னவாக இருக்கும் என்றும் தெரியும்.

எல்லாக் கவரையும் வாங்கிக்கொள்ள மாட்டார். கசக்கினால் சரசரவென்று சத்தம் வருகிற மெல்லிசுக் கவரும், சத்தமே இல்லாமல் வழவழவென்று இழுபடுகிற கொஞ்சம் கனத்த கவரும் போதும் என்கிறார், ஆனால் இரண்டையும் ஒரே பையில் கலந்தால் ஒரு பக்கம் தொங்கிப்போகுமாம், அதனால் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறார். பிஸ்கட், சிப்ஸ் உறை வேண்டாம். துணி மாதிரியே தெரிகிற ஜவுளிக்கடைப் பை வேண்டவே வேண்டாம். அது பார்க்கத்தான் துணி, உண்மையில் பாலிப்ரொப்பிலீன் (அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான்), கீற்றாக வெட்டினால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். நான் கொண்டுபோன பால் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இதுல ரெண்டு மொழம் நூலுகூட வராது, இதைக் கடையில போட்டுரு, எடைக்கு எடுப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மீன், கறி வாங்கின கவரையும் கழுவிக் கொடுத்தாலும் வாங்குவதில்லை, வாடை நூலில் நின்றுவிடும் என்கிறார், நியாயம்தான்.

அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தால்தான் கூலி ஏன் அவ்வளவு என்று புரியும். கவரைத் தரையில் விரித்து உள்ளங்கையால் நீவிக் காற்றை வெளியேற்றுகிறார். கைப்பிடியையும் அடித் தையலையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் மடித்து ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறுக்கே வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டையும் பிரித்தால் அது ஒரு வளையம். ஒரு வளையத்துக்குள் அடுத்ததை நுழைத்து, அதை அதற்குள்ளேயே விட்டு இழுத்தால் இரண்டும் கோத்துக்கொள்கிறது, முடிச்சே கிடையாது. வேகமாக இழுத்தால் கவர் கிழியும், தளர விட்டால் அந்த இடம் பின்னலில் கட்டி மாதிரி புடைத்து நிற்கும், அவர் இரண்டு கட்டை விரலையும் வைத்து மெதுவாக, கடைசியில் ஒரு சின்ன சுண்டு சுண்டுகிறார். இப்படிக் கோத்து உருண்டை சுற்றி முடிப்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. பிறகு 8 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியில் பின்னல். பருத்தி நூலுக்குப் பயன்படும் மெல்லிய ஸ்டீல் ஊசி இதற்கு ஆகாது, கவரைக் குத்திக் கிழித்துவிடும். விரல் பிசுபிசுத்தால் நூல் ஓடாது என்று முகப் பவுடரைத் தொட்டுக்கொள்கிறார்.

சரி, பைக்கு வருவோம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஈரக் கீரை, சேறு ஒட்டின கருணைக்கிழங்கு, பனி வடிகிற முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரலாம். தண்ணீர் பின்னல் இடுக்கில் இறங்கிவிடும், வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் ஒரு அலசு அலசி உதறினால் முடிந்தது. துணிப்பை இந்த இடத்தில் நனைந்து நாறிப்போகும். நெருக்கமாகப் பின்னியிருப்பதால் பச்சை மிளகாய்கூட நழுவவில்லை. மடித்தால் கைக்குள் அடங்காது, கொஞ்சம் தடிமன், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊர் ஒயர் கூடையோடு பலர் இதை ஒப்பிடுகிறார்கள். சிவன் கண் பின்னல் போட்ட ஒயர் கூடையின் விறைப்பு இதற்கு வராது, அது தரையில் நிமிர்ந்து உட்காரும், இது சரிந்து படுத்துவிடும். ஆனால் ஒயர் கூடைக்குப் புது ஒயர் கட்டு வாங்க வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு பிளாஸ்டிக்கும் வாங்க வேண்டியதில்லை. நிறம் வேண்டும் என்று யாரோ புதுக் கவர் கட்டு வாங்கிக் கொடுத்ததைப் பின்னவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

இப்போது கைப்பிடி. கனம் ஏற ஏற நீள்கிறது, நீண்டது திரும்பச் சுருங்குவதில்லை, பாலித்தீனின் குணம் அப்படி. வெங்காயமும் உருளையும் ஐந்தாறு கிலோ தாண்டினால் தோளில் மாட்டின பை தொடைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அக்காவிடம் சொன்னேன், மறுபேச்சு இல்லாமல் பிரித்து, உள்ளே காடாத் துணிப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு நீளவில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே பட்டை வைக்கச் சொல்லிவிடுங்கள்.

கால்மிதி வாசலில் சிமெண்டுத் தரைக்குச் சரி, டைல்ஸில் வழுக்குகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அச்சடித்த கவராக இருந்தால் முதல் சில நாள் ஈரக்காலில் லேசாகச் சாயமும் ஒட்டுகிறது. அமெரிக்காவில் வீடில்லாதவர்களுக்குப் படுக்கைப் பாய் பின்னித் தரும் தன்னார்வலர்கள் ஒரு பாய்க்கு 500 முதல் 700 கவர் வரை எடுக்கிறார்கள். அப்படி ஒன்று பின்ன ஆசை என்று அக்கா சொல்கிறார், அவ்வளவு கவர் ஒரே வீட்டில் தேறாது.

இரண்டையுமே வெயிலில் போட்டு வைக்காதீர்கள். மொட்டை மாடிக் கொடியில் நாள்கணக்கில் காய்ந்தால் கவர் நொறுங்கிச் செதில் செதிலாக உதிரும், உதிர்ந்தது மண்ணில்தான் போய்ச் சேரும். நிழலில் தொங்கவிட்டாலே அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது.

பைக்கு 350, கால்மிதிக்கு 200 வாங்கினார். "குப்பைக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார்கள். குப்பைக்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை, நாள்கணக்கில் வெட்டி, கோத்து, பின்னின கைக்குத்தான் வாங்கினார். பேரம் பேசாமல் கொடுங்கள். பத்து நாள் அவகாசம் கேட்பார், கவரைக் கழுவிக் காயவைத்து, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துக் கொடுத்தால் சீக்கிரமே கிடைக்கும். ஒரு பைக்கு ஐம்பது கவராவது வேண்டும், பத்தாவிட்டால் பக்கத்து வீட்டு ஆணியிலும் கேட்டுப் பாருங்கள்.