சுங்கை சிப்புட்டில் மங்கில் வரும் ஹம்முஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுங்கை சிப்புட்டில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் மத்தியதரைக்கடல் உணவகம் ஒன்றுக்கு மூன்று ஆண்டுகளாக, மாதம் இரு முறையாவது, குடும்பத்துடன் சென்று வருகிறேன். அங்கே தொட்டுக்கொள்ளும் வகைகள் அனைத்தும் ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளில்தான் வரும். எல்லாம் புது மங்குகள் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், 14 வயதிலிருந்து பால்மரம் சீவிய என் அம்மா, கட்டிப்பால் (மங்கில் உறைந்துபோன ரப்பர்ப் பால்) வாடை நினைவுக்கு வருகிறது என்று சொல்லி, இன்றுவரை அதைத் தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

ஹம்முஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலையை விரலால் அழுத்தினால் மசியும் வரை வேகவைத்து, எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்த்து அரைக்க வேண்டும். வேக்காடு குறைந்தால் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நறநறக்கும். அந்தக் குறையை இங்கே இரண்டே முறைதான் கண்டேன். நடுவில் குழித்து ஊற்றும் ஆலிவ் எண்ணெய்தான் ஆண்டுக்காண்டு வற்றிக்கொண்டு வந்தது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஸ்பெயினில் மழை பொய்த்து விளைச்சல் சரிந்து, உலகெங்கும் ஆலிவ் எண்ணெய் விலை ஏறியபோது, குளமாக நின்ற எண்ணெய் இங்கே சில சொட்டுகளாயிற்று. 9 ரிங்கிட்டாக இருந்த விலையும் 11 ஆயிற்று. இரண்டில் ஒன்றோடு நிறுத்தியிருந்தால் பொறுத்திருப்பேன். கேட்டதற்கு, "நம்ம ஊர்ல செம்பனைதானே நிற்குது அண்ணே, ஆலிவ் மரமா நிற்குது?" என்றார் கடைக்காரர். சிரிப்பு வந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஃபலாஃபெலைச் செம்பனை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஊறிய கடலையை வேகவைக்காமலே அரைத்துப் பொரிப்பதால், மசால வடைக்கு மிக நெருங்கிய உறவு அது. பிட்டால் உள்ளே பச்சை நிறமும், மேலே மொறுமொறுப்பும் தவறுவதில்லை. ஆறு உருண்டைக்கு 8 ரிங்கிட் என்பது நியாயமான விலையே.

தபூலேயை மட்டும் தவிர்த்துவிடலாம். பார்ஸ்லி இலை மிகுந்து, கோதுமைக் குறுணை கொஞ்சமாக இருக்க வேண்டிய அந்தச் சாலட், இங்கே கொத்தமல்லி தூவிய ஆறிப்போன ரவை உப்புமாவாக இருக்கிறது.

பீட்டா ரொட்டி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி உப்பிய நிலையில் அடுப்பிலிருந்து நேரே மேசைக்கு வரும்போது அருமையாக இருக்கும். ஆறினால் தோல்போல் இழுக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் சென்றால் மாலையில் சுட்டதையே சூடாக்கித் தருகிறார்கள் என்பதால், நாங்கள் ஏழு மணிக்குள் போய்விடுகிறோம்.