கோவை–மதுரை '43 நிமிட' விமானம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கோவையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போக நினைப்பவர்கள், முக்கியமாக வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவுக்கு மூட்டுவலி. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்கார முடியாது. காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். ஏஜென்ட் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்: தூரம் 176 கி.மீ., பறக்கும் நேரம் 43 நிமிடம். "ஐயா ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மதுரை வந்துரும் சார்" என்றார். கட்டினோம்.

டிக்கெட் முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்தது. கோவை–சென்னை ஒரு நிறுவனம், சென்னை–மதுரை வேறொரு நிறுவனம். பிஎன்ஆரும் (முன்பதிவு எண்) தனித்தனி. போன் போட்டால், "சென்னையில சும்மா இறங்கி ஏறணும், அவ்வளவுதான்" என்கிறார். அந்த நேரத்தில் ரத்து செய்தால் பாதிப் பணம்கூடத் தேறாது.

43 நிமிடம் என்பது வெறும் கணக்கு. அந்த மாதிரிப் பக்கங்கள் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்கின்றன. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. நாங்கள் போன நாளில் நேரடி விமானமே இல்லை. கோவை–சென்னை வான்வழியில் சுமார் 400 கி.மீ., சென்னை–மதுரை இன்னொரு 400 சொச்சம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று ரோட்டில் போனாலே 215 கி.மீ. பக்கம்தான் வரும்!

இதைவிடப் பெரிய வில்லங்கம் அந்தத் தனித்தனி பிஎன்ஆர். ஒரே பிஎன்ஆராக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு கேட்கலாம். இங்கே அது கிடையாது. பெட்டியையும் சென்னையில் நாமே எடுத்து மறுபடி போட வேண்டும். எங்கள் முதல் விமானம் தாமதம். பெட்டி வர இன்னும் நேரமானது. சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 1, 4 என்று இரண்டு. அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனபோது கவுன்டரை மூடியிருந்தார்கள். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விதி அது. சாயங்கால விமானத்துக்குப் புது டிக்கெட், அதுவும் கடைசி நேர விலையில்.

எந்த ஏஜென்டாக இருந்தாலும் தூரத்தையும் நிமிடத்தையும் கேட்காதீர்கள். விமான எண் கேளுங்கள். எங்கே நிற்கும், பிஎன்ஆர் ஒன்றா இரண்டா, பெட்டி நேராக மதுரைக்குப் போகுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். கிடைத்த விமான எண்ணை நிறுவனத்தின் தளத்திலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாக இறங்கி வந்திருக்கிறார். சென்னையில் வாங்கிய புது டிக்கெட் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் அனுப்பிய '43 நிமிட' ஸ்கிரீன்ஷாட்டையும் புகாரோடு இணைத்திருக்கிறோம்.