ஐந்து குளிர்காலங்கள், ஒரே மெட்டல் டிடெக்டர்

இந்த டிடெக்டரை வாங்கி ஐந்து குளிர்காலம் ஓடிவிட்டது. கோடையைவிடக் குளிரில்தான் இதை அதிகம் வெளியே எடுக்கிறேன். புல்லும் புதரும் பட்டுப்போய்க் கிடப்பதால் டிடெக்டரின் அடியில் இருக்கும் காயிலை, அதாவது உலோகத்தை உணரும் தட்டை, தரையை ஒட்டியே இடவலமாக வீசலாம். கோடையில் ஒரு சாண் புல்லுக்கு மேலே வீசி இழக்கும் ஆழம் அப்படியே திரும்பக் கிடைக்கும். பனி அடர்ந்து விழுந்துவிட்டால் மட்டும் இந்த லாபம் போய்விடும். அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

என்னை அதிகம் படுத்தியது பேட்டரிதான். முதல் குளிர்காலத்தில், காலையில் முழு சார்ஜோடு போனால் மதியத்துக்குள் அணைந்துவிடும். குளிரில் லித்தியம் அயன் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பவர் பேங்க் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கும். வீடு திரும்பியதும் உடனே சார்ஜ் போடவும் மாட்டேன். 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். தோண்டிய குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சின்னக் கைக்கருவியான பின்பாயிண்டருக்கு ஆல்கலைனை விட்டுவிட்டு, சார்ஜ் ஆகாத லித்தியம் பேட்டரி போடுகிறேன். கடுங்குளிரிலும் தாக்குப்பிடிக்கிறது.

கீழே என்ன உலோகம் இருக்கலாம் என்று காட்டும் திரை எண்கள் கடுங்குளிரில் மெதுவாகத்தான் மாறும். அதனால் காதைத்தான் நம்புகிறேன். உறைந்த கட்டியில் காயில் இடித்தாலே பொய்ச் சத்தம் வரும். பெரிய இரும்புத் துண்டும் சில நேரம் நல்ல உலோகம்போல ஒலிக்கும். 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுவேன். இரண்டு திசையிலும் ஒலி மாறாமல் வந்தால்தான் மண்வெட்டியை எடுப்பேன். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமலும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மூன்றாம் குளிர்காலத்தில், உறைந்த மண்ணை நெம்பியபோது ஒரு பழைய ஈயக் குண்டில் மண்வெட்டி பட்டு, வெள்ளை பூத்திருந்த மேற்பரப்பில் பளபளவென்று ஒரு வெட்டு விழுந்தது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அதிலிருந்து சத்தம் வந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி, கட்டியாகவே தூக்கிவிடுகிறேன். உடைப்பதில்லை. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புப் பக்கம் வைக்காமல் தானாக இளக விடுகிறேன்.

போன மாதம் அப்படி வந்த ஒரு கட்டி இரவு முழுக்க இளகியது. காலையில் விரலால் மண்ணைத் தள்ளினால் பச்சை ஏறிய பித்தளைப் பொத்தான். பின்னால் நூல் கோக்கும் மெல்லிய வளையம் வளையாமல், முறியாமல் அப்படியே நின்றது.