நியூ ஆர்டர்: பல வருஷம் கேட்ட பிறகு எது நிற்கிறது

நியூ ஆர்டர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவை நான் சிபாரிசு செய்யும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இவர் ஏன் இப்படிப் பாடுகிறார்?" என்பதுதான். பாடகர் பெர்னார்ட் சம்னரின் குரல் மெலிந்தது. உச்சத்துக்குப் போனால் லேசாக ஆடும். கொஞ்ச நாள் பொறுத்துக் கேளுங்கள் என்று சொல்வேன். கேசட்டில் ஆரம்பித்து, சிடிக்கு மாறி, இப்போது போனில் ஓடவிட்டுக் கேட்கிறேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சலிக்காதவற்றில் அந்தக் குரலும் ஒன்று. பாடகராக வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் அல்ல அவர். வேறு வழியில்லாமல் மைக் முன்னால் போய் நின்ற கிடார்காரர்.

அதற்குக் காரணம் தெரிந்ததுதான். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, சால்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த சம்னரும் பீட்டர் ஹுக்கும் தாங்களும் ஒரு குழு தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். இயன் கர்டிஸ் பாட, ஸ்டீபன் மோரிஸ் டிரம்ஸ் வாசிக்க, அது ஜாய் டிவிஷன் ஆனது. 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. யாராவது ஒருவர் விலகினாலும் அந்தப் பெயரைத் தொடர்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மீதி மூவரும் அதன்படியே பெயரை விட்டார்கள், இசையை விடவில்லை, நியூ ஆர்டர் ஆனார்கள். மூன்று பேருமே பாடிப் பார்த்தார்கள், கடைசியில் பொறுப்பு சம்னர் தலையில் விழுந்தது. அந்த வருஷமே ஜில்லியன் கில்பர்ட் கீபோர்டும் கிடாரும் வாசிக்க வந்து சேர்ந்தார்.

1981-இல் வந்த முதல் ஆல்பமான 'மூவ்மென்ட்' துக்க வீட்டுக்குள் பதிவு செய்ததைப் போலவே இருக்கும். குரல் எங்கோ பின்னால் கிடக்கும். நான் அதை அடிக்கடி எடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வந்த 'செரிமனி' வேறு கதை. கர்டிஸ் உயிரோடு இருந்தபோதே உருவான பாட்டு அது. அவர் எழுதிய வரிகளைச் சம்னர் பாடுவதைக் கேட்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கும்.

இந்தக் குழுவை ஏன் இவ்வளவு காலம் கேட்க முடிகிறது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். கையும் மெஷினும் ஒரே பாட்டுக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பக்கமும் முழுசாக ஜெயிப்பதில்லை. மோரிஸ் மெஷின் மாதிரி பிசகாமல் அடிப்பார். அவர்கள் வைத்திருந்த மெஷின்களோ அடிக்கடி பிசகும். சம்னர் உதிரி பாகங்கள் வாங்கி, கையால் பற்றவைத்து ஒரு சீக்வென்சரை, அதாவது ஏற்றி வைத்த ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் கருவியை, செய்தார். அதை ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினோடு இணைத்து உருவாக்கியதுதான் 1983-இல் வந்த 'புளூ மண்டே'. ஏழரை நிமிஷப் பாட்டு. முதல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பாடகர் வாயே திறக்க மாட்டார். உலகத்தில் அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்று இதைச் சொல்கிறார்கள். ஜில்லியன் ஒவ்வொரு ஸ்வரமாக மெஷினில் ஏற்றும்போது ஒன்று விடுபட்டுவிட்டது. அதனால் அந்த மெட்டு தாளத்திலிருந்து ஒரு இம்மி விலகி ஓடுகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். இந்தத் தகவல் தெரிந்த பிறகு நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பாட்டு வேறு மாதிரி திறக்கும். கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் இதை நான் எப்போதோ ஓரம் கட்டியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஹுக்கின் பேஸ் கிடாரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பேஸ் என்றால் அடியில் இருந்து தாங்குவது வழக்கம். இவர் மேல் ஸ்தாயியில் மெட்டே வாசிப்பார். ஆரம்ப நாட்களில் அவருடைய ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, மட்டமானது. சம்னரின் கிடார் சத்தத்துக்கு நடுவே கீழ் ஸ்வரங்கள் அவர் காதிலேயே விழவில்லை. மேலே ஏறி வாசித்தால் கேட்டது, அதுவே அவர் பாணியாகிவிட்டது. 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' தொடங்கும் இடத்தைக் கேட்டால் இது உடனே புரியும். அதே ஆல்பத்தில் 'யுவர் சைலன்ட் ஃபேஸ்' என்று ஒரு பாட்டு. சின்தசைசர் என்ற மின்னணு கீபோர்டும் வாயால் ஊதி வாசிக்கும் மெலோடிகாவும் சேர்ந்து ஒரு கோயில் மண்டபத்தின் விஸ்தாரத்தைக் கட்டியெழுப்பும். வரிகள் முடியும் இடத்தில் சம்னர் பட்டென்று ஒரு வசவைப் போட்டு அந்தக் கம்பீரத்தை உடைப்பார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அந்த வசவு இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், 1985-இல் வந்த 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' வீடியோவைப் பாருங்கள். இயக்கியவர் ஜோனதன் டெமி, ஒளிப்பதிவு ஹென்றி அலெகான். குழுவினர் ஒத்திகை பார்க்கும் அறையில் முழுப் பாட்டையும் நேரடியாக வாசிக்கிறார்கள், கேமரா அவர்கள் முகத்தையும் விரல்களையும் விட்டு நகர்வதில்லை. நடனம், கதை, அலங்காரம் எதுவும் கிடையாது. ஜில்லியன் அடுத்த பட்டனை எப்போது அமுக்குவது என்று காத்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், எலக்ட்ரானிக் இசையில் மனுஷ வேலை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மோரிஸ் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புவார். ஹுக் குனிந்து எலக்ட்ரானிக் டிரம் பேடைத் தட்டிவிட்டு மறுபடி பேஸுக்கு வருவார். எத்தனை முறை பார்த்தாலும் எங்காவது யாராவது தவறவிட்டுவிடுவார்களோ என்று பதற்றம் வரும்.

1986-இல் வந்த 'பிரதர்ஹுட்' ஆல்பத்தில் ஒரு பக்கத்தைக் கிடாருக்கும் மறுபக்கத்தைச் சின்தசைசருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 'பிசார் லவ் டிரையாங்கிள்' அதில்தான் இருக்கிறது, அருமையான பாட்டு. ஆனாலும் முழு ஆல்பமாக எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிட்டது. உரச வேண்டிய இரண்டையும் தனித்தனி அறையில் அடைத்த மாதிரி ஆகிவிட்டது. 1989-இன் 'டெக்னிக்' அதைச் சரிசெய்தது. ஐபீசா தீவில் பதிவைத் தொடங்கினார்கள். அங்கே வேலை நடந்ததைவிட இரவு ஆட்டம்தான் அதிகம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவர்களது முதல் ஆல்பம் அதுதான். ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் நடன இசையின் தாளத்துக்கு அடுத்த பாட்டிலேயே கிடார் வரும், கிடாருக்குக் கீழே சீக்வென்சர் ஓடும். என்னிடம் இருப்பதில் அதிகம் தேய்ந்தது அந்த ஆல்பம்தான்.

பண விஷயத்தில் இவர்கள் பட்ட பாடு பெரிது. அவர்கள் பாட்டை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் கம்பெனியும் குழுவும் சேர்ந்து 1982-இல் மான்செஸ்டரில் ஹாசியெண்டா என்ற கிளப்பைத் திறந்தார்கள். முன்பு படகு விற்பனைக் கூடமாக இருந்த கட்டடம். ஊருக்கே புது இசையைக் கொண்டுவந்த இடம், உண்மை. ஆனால் பாட்டு விற்று வந்த காசு வருஷக்கணக்கில் அந்தக் கிளப்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் நிரம்பி வழிந்த காலத்தில்கூட, வந்தவர்கள் போதை மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர் மட்டும் குடித்ததால் பாரில் வியாபாரம் இல்லை. 1992-இல் ஃபேக்டரி திவாலானது. அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் 'ரிபப்ளிக்' வந்தது. 'ரிக்ரெட்' என்ற முதல் பாட்டு மட்டும் இன்றும் புதுசாக இருக்கிறது. மற்றவை வழவழப்பாகப் போய்விடுகின்றன, ஹுக்கின் பேஸைத் தேட வேண்டியிருக்கிறது. பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, 1998-இல்தான் மறுபடி ஒன்றாக மேடை ஏறினார்கள்.

2001-இன் 'கெட் ரெடி' கிடார் பக்கம் சாய்ந்தது. 'கிரிஸ்டல்' என்ற பாட்டுக்காக அதை வைத்திருக்கிறேன். 2005 ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. 2007-இல் ஹுக் விலகினார், பிறகு வழக்கு வரைக்கும் போய் 2017-இல் சமரசமானார்கள். இடையில் குடும்பத்துக்காக ஒதுங்கியிருந்த ஜில்லியன் 2011-இல் திரும்பி வந்தார். அவர் வந்த பிறகு வெளியான 'மியூசிக் கம்ப்ளீட்', 2015, உண்மையிலேயே தெம்பான ஆல்பம். சின்தசைசர்கள் அத்தனை உற்சாகமாக ஒலிக்கின்றன. ஹுக்கின் இடத்துக்கு வந்த டாம் சாப்மன் பேஸை நன்றாகத்தான் வாசிக்கிறார். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும், மேலே ஏறி வர வேண்டிய அந்த மெட்டுக்காக என் காது காத்திருக்கிறது. அது வருவதில்லை. ஹுக்கோ தன் சொந்தக் குழுவோடு பழைய ஆல்பங்களை முழுசாக மேடையில் வாசித்து வருகிறார். அங்கே பேஸ் இருக்கிறது, சம்னரின் குரல் இல்லை. இரண்டு பக்கத்தையும் கேட்கிறேன், இரண்டிலும் பாதிதான் கிடைக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 1987-இன் 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஃபேக்டரியின் டோனி வில்சன் தன் காரில் இருந்த சிடி பிளேயரில் எல்லா சிங்கிள்களையும் கேட்க ஆசைப்பட்டதால் உருவானது என்று சொல்வார்கள். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். அதிலிருக்கும் 'டெம்ப்டேஷன்', 'கன்ஃப்யூஷன்' இரண்டும் அந்தத் தொகுப்புக்காக மறுபடி பதிவு செய்தவை. 1982-இல் வந்த 'டெம்ப்டேஷன்' மூலப் பதிவு இன்னும் கரடுமுரடானது, எனக்கு அதுதான் பிடிக்கும். 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' பாட்டையும் அதில் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். 'லோ-லைஃப்' ஆல்பத்தில் இருப்பது அதைவிடக் குட்டை. முழு நீளம் வேண்டுமானால் 12 அங்குல சிங்கிளைத் தேடுங்கள். பழைய சிடி வாங்கினால் 2008-இல் வந்த இரட்டை சிடி பதிப்புகளை யோசித்து வாங்குங்கள். கூடுதல் தட்டுகளில் ஒலிப் பிழைகள் இருந்து, பிறகு திருத்தி வெளியிட்டார்கள். எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. 'சப்ஸ்டன்ஸ்' பிடித்துவிட்டால் அடுத்து 'டெக்னிக்', அப்புறம் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்'. 'மூவ்மென்ட்' கடைசியில் இருக்கட்டும், ஜாய் டிவிஷனின் இரண்டு ஆல்பங்களையும் கேட்ட பிறகு.