சுண்டை இலையில் இருந்த வண்டு எது?

பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் பாதையோரம், தானாக முளைத்து வளர்ந்திருந்த சுண்டைச் செடி ஒன்றின் இலையடியில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுள்ள செம்மஞ்சள் வண்டு ஒன்றைக் கண்டேன். கரும்புள்ளிகள் நிறைந்த அதன் வட்ட முதுகைப் பார்த்தவுடன் மூன்று பெயர்கள் மனத்தில் தோன்றின: செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் ஆறுபுள்ளிப் பொறிவண்டு, இலையைத் தின்னும் இருபத்தெட்டுப்புள்ளிப் பொறிவண்டு, இவற்றோடு உறவில்லாத இலைவண்டு.

இலைவண்டை முதலிலேயே விலக்கிவிட முடிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இலைவண்டின் பாதத்தில் நான்கு கணுக்கள் தெரியும். பொறிவண்டின் பாதத்திலோ மூன்றாம் கணு மிகச் சிறுத்து மறைந்திருப்பதால் மூன்றே தெரியும். நான் கண்ட வண்டின் உணர்கொம்பும் பொறிவண்டுக்குரியபடி குட்டையாக, நுனி தடித்து இருந்தது.

எஞ்சிய இரண்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புள்ளிகளை எண்ணித் தீர்த்துவிடலாம் என்று நம்புவதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஆறுபுள்ளிப் பொறிவண்டின் முதுகில் பெரும்பாலும் வளைந்து நெளியும் கரும்பட்டைகளே இருக்கும். முழுக் கறுப்பாக உள்ளவையும் உண்டு. 1775-இல் டென்மார்க்குப் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட இருபத்தெட்டுப்புள்ளி இனத்திலும் ஒவ்வோர் இறக்கை உறையிலும் ஆறு புள்ளிகளே நிலையானவை, மற்றவை சில வண்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. நான் கண்ட வண்டில் இடப்புறம் 13, வலப்புறம் 14 இருந்தன.

ஆகவே நான் புள்ளிகளைவிட மேற்பரப்பையே பெரிதும் நம்புகிறேன். ஆறுபுள்ளியின் முதுகு மெருகேற்றியது போலப் பளபளக்கும். இந்த வண்டோ வெயிலில் திருப்பிப் பார்த்தபோதும் மங்கலாகவே இருந்தது; கண்ணாடியை நெருக்கிப் பிடித்ததும், முதுகு முழுவதும் நுண்ணிய மயிர்கள் பூம்பட்டு போலப் படிந்திருந்தது தெரிந்தது. இலையைத் தின்னும் குழுவின் அடையாளம் அது.

இலையும் அதையே சொன்னது. அடிப்புறப் பசுமை அடுத்தடுத்த இணைகோடுகளாகச் சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் போல எஞ்சியிருந்தது. அதில் அசுவினி ஒன்றுகூட இல்லை. அடுத்த இலையில் கிளைத்த முட்கள் கொண்ட மஞ்சள் புழுக்கள் மூன்று மெல்ல மேய்ந்துகொண்டிருந்தன. ஆறுபுள்ளியின் புழு கறுத்து மெலிந்து, வேகமாக ஓடித் திரியும். கத்தரிக் குடும்பச் செடிகளே இருபத்தெட்டுப்புள்ளியின் விருப்ப உணவு என்பதால் சுண்டையும் பொருந்தி வருகிறது.

இருபத்தெட்டுப்புள்ளி அடங்கும் ஹெனோசெபிலாக்னா என்ற பேரினம்வரை எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பேரினத்தில் வெளித்தோற்றத்தால் பிரிக்க முடியாத இனங்கள் உள்ளன. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தே வல்லுநர்கள் அவற்றை உறுதிசெய்கிறார்கள். நான் வண்டைப் பிடித்து வரவில்லை. எனவே குறிப்பேட்டில் இனப்பெயருக்கு முன்னால் 'ஒருவேளை' என்று எழுதி, படத்தோடு இலையின் சுரண்டல் தடத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன்.