தட்டுவடைக்கும் முறுக்குக்கும் எந்த எண்ணெய் கட்டுப்படியாகும்?

சேலத்தில் தட்டுவடையும் முறுக்கும் வீட்டுக்கு வீடு செய்யப்படும் பண்டங்கள். தட்டுவடை செட் வண்டிகளுக்கும் நொறுக்கல் கடைகளுக்கும் பொரித்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களும் இங்கே உண்டு. அரிசி மாவு, பொட்டுக்கடலை, எரிவாயு ஆகியவற்றுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். எண்ணெய்ச் செலவுதான் கைக்குள் அடங்காமல் போகும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரின் மொத்தக் கடைகள் முதல் தெருமுனை மளிகை வரை கிடைக்கும் எண்ணெய்களை, பொரிப்பதற்கு ஏற்றவையா, விலை கட்டுப்படியாகுமா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். தாளிப்புக்கும் குழம்புக்கும் எது நல்லது என்பது வேறு விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிறையப் பொரிப்பவர்களுக்குப் பாக்கெட்டிலோ டின்னிலோ அடைத்து வரும் ரீபைண்டு பாமோலினே (பாமாயிலின் திரவப் பகுதி) இன்றைய விலையில் ஏற்றது. எப்போதாவது வடை, பஜ்ஜி போடும் வீட்டுக்குத் தவிட்டு எண்ணெய் போதும். சாதாரண சூரியகாந்தி எண்ணெயைப் பொரிப்பதற்கென்றே வாங்குவது பணத்துக்குக் கேடு. மரச்செக்குக் கடலெண்ணெயைச் சட்டி நிறைய ஊற்றிக் காய்ச்சுவது அந்த எண்ணெய்க்கே கேடு.

காரணம் சூட்டில் இருக்கிறது. முறுக்கோ வடையோ சரியாக வேக எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்திருக்க வேண்டும். ரீபைண்டு செய்த பாமோலின், சூரியகாந்தி, கடலை, தவிட்டு எண்ணெய்கள் எல்லாம் ஏறத்தாழ 225 டிகிரியைத் தாண்டிய பிறகே புகையத் தொடங்குவதால், புகையும் அளவை மட்டும் பார்த்தால் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எண்ணெய் கெடுவது புகையால் மட்டும் அன்று. காற்றில் உள்ள ஆக்சிஜன் சூடான எண்ணெயைத் தாக்கும்போது, எந்த எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுதியோ அது முதலில் கெடுகிறது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அந்த அமிலம் ஏறத்தாழ 60 சதவீதம். பாமோலினில் அது பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் தொடர்ந்து பொரித்தால் சட்டியின் விளிம்பில் பழுப்பு நிறப் பிசின் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாமல் நிற்பதும், நுரை பொங்கி அடங்க மறுப்பதும் இதனால்தான்.

பொரித்த அன்றே சாப்பிட்டுத் தீர்க்கும் வடைக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. டப்பாவில் அடைத்து வைக்கும் தட்டுவடைக்கும் முறுக்குக்கும் இதுவே எல்லாம். மாவில் ஈரம் போன இடத்தில் எண்ணெய் ஏறி அமர்கிறது. பிறகு அந்தப் பண்டம் எத்தனை நாள் நிற்கும் என்பதை அரிசியோ உளுந்தோ தீர்மானிப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் சுட்ட முறுக்கில் காறல் வாடை முந்தி வருகிறது, பாமோலினில் சுட்டது அதைவிட நெடுநாள் மொறுமொறுப்பும் மணமும் கெடாமல் இருக்கிறது. விற்பனைக்குச் செய்பவர்கள் லிட்டருக்கு ஆகும் விலை வேறுபாட்டைவிட, திரும்பி வரும் சரக்கின் இழப்பைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பாமோலினில் இரண்டு வகையிலும் ஆதாயம்.

பாமோலினுக்கு ஊரில் கெட்ட பெயர் உண்டு. அதில் பாதி வனஸ்பதியோடு அதைக் குழப்பிக்கொள்வதால் வந்தது. ஹைட்ரஜன் ஏற்றி இறுக வைத்த வனஸ்பதியில்தான் டிரான்ஸ் கொழுப்பு பெரும் கவலையாக இருந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு எதிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கட்டுப்படுத்திவிட்டது. பாமோலின் பாமாயிலை ஆறவைத்து இறுகும் பகுதியை வடித்து எடுத்தபின் மிஞ்சும் திரவம், அவ்வளவே. கெட்ட பெயரின் மற்றப் பாதியில் நியாயம் இருக்கிறது: அதில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல். ஆகவே பண்டம் பொரிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, அன்றாடச் சமையலுக்கு வேறு எண்ணெயை வைத்துக்கொள்வதே முறை. மணத்திலும் அது பின்தங்கியது; பாமோலினில் சுட்ட அதிரசத்துக்குக் கடலெண்ணெய் அதிரசத்தின் வாசனை வராது, ஆறிய பிறகு நாக்கில் மெல்லியதாக ஒரு பூச்சும் தங்கும்.

ரேஷன் கடையில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் இந்த வகைதான். 2007 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் எண்ணெயைச் சிலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தமளிக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அப்பளம், ஜவ்வரிசி வடாம், போண்டா பொரிக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு லிட்டரே தாராளம். அதில் வைட்டமின் ஏ, டி சேர்க்கப்படுகிறது. பொரிக்கும் சூட்டில் வைட்டமின் ஏ கணிசமாகக் குறைந்துவிடும் என்பதால் அதை நம்பி வாங்க வேண்டியதில்லை, விலையை நம்பி வாங்கலாம்.

மரச்செக்கு எண்ணெயைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் சங்கடப்படுகிறது. சேலம், நாமக்கல், தருமபுரி மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலையை ஆட்டி எடுத்த எண்ணெயின் மணத்துக்கு ஈடு இல்லை. அதே மணத்தைத் தரும் பொருள்களும் அடியில் தங்கும் கசண்டும்தான் அதைப் பொரிப்பதற்கு ஆகாததாக்குகின்றன. 160 டிகிரியை ஒட்டியே அது புகையத் தொடங்கிவிடுகிறது, இரண்டாம் ஈடு போடுவதற்குள் கறுக்கிறது. பாமோலினைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து வாங்கி, அதன் அருமையான பகுதியை எரித்துப் புகையாக்குவதில் என்ன பயன்? சட்னிக்கும் தாளிப்புக்கும் புளிக்குழம்புக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடலெண்ணெயில்தான் பொரிக்க வேண்டும் என்பவர்கள் ரீபைண்டு கடலெண்ணெய் வாங்கலாம். பொரிப்பதற்கு அதுவும் நல்லதே, விலை ஒன்றுதான் தடை.

தவிட்டு எண்ணெய் நடுவழி. லினோலிக்கைப் போல எளிதில் கெடாத ஒலீயிக் அமிலம் ஏறத்தாழ 40 சதவீதம், லினோலிக் அதைவிடச் சற்றுக் குறைவு, கெடாமல் காக்க ஒரைசனால் என்ற பொருள் இயற்கையாகவே அதில் இருக்கிறது. நாக்கில் ஒட்டுவதில்லை, சுவையிலும் குறுக்கிடுவதில்லை. தேங்காய் எண்ணெய் சூட்டைத் தாங்கினாலும், வேறு எண்ணெயோடு கலந்தால் சட்டி நிரம்ப நுரைத்துப் பொங்கும் என்பதால் மிச்ச எண்ணெய்களைக் கலந்து ஊற்றும் வழக்கம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கும்போது பாக்கெட்டின் முகப்பில் உள்ள படத்தை நம்பக் கூடாது. கடலைப் படம் போட்டிருந்தாலும் பின்புறத்தில் கலப்பு எண்ணெய் என்று இருக்கலாம். அக்மார்க் முத்திரையுடன் வரும் கலப்பு எண்ணெயில் எது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்தது எடை. எண்ணெய் சூட்டில் விரிவடையும் பொருளாதலால், ஒரு லிட்டர் என்பது அறை வெப்பத்தில் 910 கிராமை ஒட்டியும், 60 டிகிரியில் 890 கிராமை ஒட்டியும் இருக்கும். வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் எழுதும் பழக்கத்தை நிறுத்துமாறு 2022 இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியதன் காரணமும் இதுவே. ஒரு லிட்டர் போலவே தோற்றமளித்து 850 மில்லி மட்டும் கொண்ட பாக்கெட்டுகள் கடைகளில் தாராளமாக இருக்கின்றன. பாக்கெட் விலையைப் பார்க்காமல், கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று அச்சிட்டுள்ள அலகு விலையைப் பார்த்து வாங்குவதுதான் ஏமாறாத வழி. அடைக்காமல் அளந்து ஊற்றும் ரீபைண்டு எண்ணெய் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 2011 ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை விற்பதற்குத் தடை விதித்திருப்பது கலப்படத்தை அஞ்சித்தான்.

மொத்தமாக 15 லிட்டர் டின் வாங்குவது இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பவர்களுக்கு மட்டும் ஆதாயம். பாமோலின் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதமாக உயர்ந்ததும், 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைந்ததும் மளிகைக் கடை விலைப்பலகை வரை எதிரொலித்தன. விலை இறங்கும் காலத்தில் டின்னை அடுக்கி வைத்திருப்பவர் நட்டப்படுவார்.

எந்த எண்ணெயானாலும் அது எத்தனை ஈடு தாங்கும் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. பண்டம் சட்டியில் இருக்கும்போது உள்ளிருந்து வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருப்பது உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே சலசலப்பு அடங்கியதும் ஜல்லிக்கரண்டியில் அள்ளிச் சட்டியின் மேலேயே சில நொடிகள் நன்றாக உதறி வடிப்பது கணிசமான எண்ணெயை மிச்சப்படுத்தும். உதிர்ந்த மாவுத் துணுக்குகளை ஒவ்வோர் ஈட்டுக்கும் இடையில் அரித்து எடுக்க வேண்டும். ஆறிய எண்ணெயை வடிகட்டி, குறுகிய வாயுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் விளிம்பு வரை நிரப்பி இருட்டில் வைக்க வேண்டும். இரும்புச் சட்டியிலேயே மறுநாள் வரை விட்டால் இரும்பே அதைக் கெடுக்கும். வீட்டில் மூன்று முறைக்கு மேல் ஒரே எண்ணெயைக் காய்ச்ச வேண்டாம். கடைகளுக்கு 2018 ஜூலை முதல் சட்டப்படியே வரம்பு உண்டு: திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் சிதைந்து அதில் சேரும் பொருள்கள் (மொத்தத் துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் பாமோலின் கலங்கி, அடியில் வெள்ளையாக உறையும். அது கெட்டதற்கு அடையாளம் அன்று, பாட்டிலைச் சுடுநீரில் சிறிது நேரம் நிறுத்தினால் தெளிந்துவிடும். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், மாவின் உள்ளே ஏறும் சூடு குறைந்து, உள்ளே வேகுமுன் மேல் மாவு சிவந்துவிடுகிறது. அதற்காகத் தீயைக் கூட்டினால் எண்ணெய்தான் கருகும். சேலத்தில் வைக்கும் சூட்டைவிட 5 முதல் 10 டிகிரி குறைத்து, மாவைச் சற்று நீர்க்கக் கரைத்து, ஒரு ஈட்டுக்கு நான்கைந்து பஜ்ஜிக்கு மேல் போடாமல் நிதானமாக வேகவிட்டால், பஜ்ஜி உள்ளும் வேகும், அதே எண்ணெய் அன்று மாலை வரை நிறம் மாறாமல் நிற்கும்.