பழைய ஐமேக் வைத்திருப்பவர்கள் கவனம்: என் 64,000 ரூபாய் போன கதை

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 64,000 ரூபாய். ஹட்டனில் கல்யாண அட்டையும் பூப்புனித நீராட்டு விழா பேனரும் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு அது என்ன காசு என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்யக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 2013 கடைசியில் வந்த 21.5 அங்குல ஐமேக், திரைக்குப் பின்னாலேயே மெஷின் முழுக்க அடங்கிய அப்பிள் கம்ப்யூட்டர். 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மெஷினில் குறை இல்லை. அந்த ஹார்ட் டிஸ்க்தான் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற லேப்டாப் ரகம். கேட்டலினா என்ற அப்பிள் சிஸ்டத்தைப் போட்ட பிறகு ஒரு ஃபைல் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற சுற்றாத, வேகமான டிஸ்க் போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்கினால் இன்னும் சில வருடம் ஓடும் என்றார்கள். அது உண்மைதான், அந்த மாடல் 16 ஜிபி வரை எடுக்கும்.

ஆனால் திறப்பதுதான் வில்லங்கம். 2011 வரை வந்த ஐமேக்கில் முன் கண்ணாடி காந்தத்தில் நிற்கும், கழற்றி மாட்டலாம். 2012 இல் மெல்லிய மாடல் வந்ததிலிருந்து திரையைச் சுற்றிவர டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அதை அறுத்துத்தான் திறக்க வேண்டும். மூடும்போது அந்த மாடலுக்கென்றே வெட்டி விற்கிற புது டேப் ஒட்ட வேண்டும். 27 அங்குலத்தில் ரேம் போடப் பின்னால் ஒரு சின்னக் கதவாவது உண்டு. என்னுடையதில் அதுவும் இல்லை, மதர்போர்டையே வெளியே எடுக்க வேண்டும். ஹட்டனில் கேட்ட இடத்தில் எல்லாம் கை வைக்கப் பயந்தார்கள்.

அப்போதுதான் பழைய ஃபோனிலிருந்து காணி வரை விற்கிற விளம்பரத் தளம் ஒன்றில் கண்டியில் இருக்கும் ஒரு ரிப்பேர் கடையைப் பார்த்தேன். 1 டிபி புது எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், கூலி எல்லாம் சேர்த்து 64,000. மெஷினைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

கடையில் இருந்த பையன் பிளேன்டீ வரவழைத்தான். "அக்கா ஹட்டனா? நாங்க பக்கத்துல நோர்வூட். எங்கம்மா கொழுந்து பறிச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. நம்ம ஆளுங்ககிட்ட நான் காசு பிடுங்கவா?" அதோடு விட்டானா? சீல் உடைக்காத எஸ்எஸ்டி பெட்டியைக் கையில் கொடுத்து, "போட்டோ எடுத்துக்குங்கக்கா, பிறகு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றான். எடுத்தேன். அவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே 30,000 ரூபாயை பேங்கில் மாற்றிவிட்டேன்.

எடுக்கப் போன அன்று மெஷின் பட்டென்று திறந்தது. என் ஃபைல்கள் எல்லாம் இருந்தன. மீதி 34,000ஐ எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு துண்டுப் பில் தந்தான்: "ஐமேக் அப்கிரேட் 64,000". வேறு ஒரு எழுத்து இல்லை. பழைய டிஸ்க் எங்கே என்றதற்கு, "அது செத்துப்போச்சுக்கா, குப்பையில போட்டாச்சு." செத்த டிஸ்க்கிலிருந்து என் ஃபைல் அத்தனையும் எப்படியடா மாற்றினாய்?

கொஞ்ச நாளில் ஒரு கல்யாணப் படங்களை ஏற்றும்போது இடம் இல்லை என்று வந்தது. மெஷினுக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திறந்தேன். எஸ்எஸ்டி 480 ஜிபி. பெட்டியில் இருந்த கம்பெனியே இல்லை. ரேம் 4 ஜிபி, 4 ஜிபி, பழையபடி 8. அந்தப் பக்கம் தொடவே இல்லை!

அதற்கு மேல் திரை வேறு. மழை தொடங்கியதும் மேல் விளிம்பு மெல்ல விலகி, ஒருநாள் முன்னால் சாய்ந்தது. மகள் பக்கத்தில் இருந்ததால் பிடித்தாள். இங்கே ஃபோன் திருத்துகிற தம்பியிடம் காட்டினால், புத்தகக் கடையில் விற்கிற சாதா டபுள் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறது. இப்போது பார்சல் டேப் சுற்றித்தான் வேலை நடக்கிறது.

கோல் எடுத்தால் முதலில், "உங்க மெஷின் 16 எடுக்காதுக்கா." எடுக்கும் என்று மாடல் விவரத்தை அனுப்பினேன். "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்." பிறகு, "கொண்டு வாங்க பார்ப்பம்." திரை தொங்குகிற மெஷினை எப்படி பஸ்ஸில் கொண்டுபோவது? டேப் விலகியதற்கு நம் ஊர்க் குளிர்தான் காரணமாம். நோர்வூட்காரன் சொல்கிறான்! பெட்டியின் போட்டோவை வட்ஸ்அப்பில் போட்டேன். நீலக் கோடு விழுந்தது, அதோடு பிளாக். விளம்பரத் தளத்துக்கு எழுதினால், தாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறார்களாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம்.

64,000 போனதை விட அந்த டிஸ்க்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஊர்ப் பெண்பிள்ளைகளின் சடங்குப் படங்கள், கல்யாணப் படங்கள். யார் கையில் இருக்கிறதோ.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. முக்கியமானது மட்டும். மீதிக் காசைக் கொடுக்குமுன் அப்பிள் மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லி, ரேமையும் டிஸ்க்கின் அளவையும் சீரியல் நம்பரையும் பாருங்கள். அந்த நம்பர் பில்லில் ஏற வேண்டும். பழைய டிஸ்க் செத்திருந்தாலும் கையோடு வாங்குங்கள். திரைக்கு என்ன டேப் என்று கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நான் அங்கேதான் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இதே கடையில் மாட்டியவர்கள் இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.

அந்த விளம்பரம் நேற்று வேறு பெயரில் மறுபடி ஏறியிருக்கிறது, அதே படங்களோடு. இப்போது நுவரெலியா, பதுளைக்கு வீட்டுக்கே வந்து மெஷினை எடுத்துப் போவார்களாம். கொடுத்துவிடாதீர்கள்.